அண்ணாந்து பார்த்த குற்றம்

ஆனந்தராஜ் செத்துப்போன நாலாவது மாதம் அவனுக்கு நூற்றுக்கு நூறு மார்க் வந்தது.

கேன்டீன் சுவரில் மாட்டியிருக்கும் பெரிய டிவியில் பச்சை எழுத்தில் ஓடியது. முதலிடம், ஆனந்தராஜ், நாலாவது லைன், கவன மதிப்பெண் நூறு. இரண்டாவது வந்தவனுக்கே எழுபத்தெட்டுதான். வெங்கடப்பன் பிட்டு எடுத்த இட்லி கையிலேயே நின்றுவிட்டது.

"ஏம்ப்பா நல்லுசாமி, அந்தப் பேரைக் கொஞ்சம் படி. எனக்குத்தான் கண்ணு சரியில்லையா?"

"கண்ணு நல்லாத்தாண்ணே இருக்கு. நீங்க சாப்பிடுங்க."

நல்லுசாமி திருமங்கலத்துக்காரன். ஓசூருக்கு வந்து ஆறு வருஷம் ஆகிறது, எதைக் கண்டாலும் சிரித்துவிடுகிற ஆள். அன்றைக்கு அவனும் சிரிக்கவில்லை. தட்டைப் பார்த்துக்கொண்டு மளமளவென்று சாப்பிட்டு எழுந்து போய்விட்டான்.

கம்பெனி பேர் இங்கே எதற்கு? சிப்காட்டில் கேட்டுக்கு வெளியே பத்தடி உயரத்துக்கு எழுதி வைத்திருக்கிறார்கள், கண் இருக்கிறவர்கள் படித்துக்கொள்ளட்டும். வண்டி பிரேக்குக்குத் தகடு அடிக்கிற கம்பெனி. பிரஸ் மிஷின் அடித்துத் தள்ளுகிற தகட்டை எடுத்து, ஓரத்தில் பிசிறு இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்து, நல்லதை ஒரு பெட்டியிலும் கெட்டதை இன்னொரு பெட்டியிலும் போடுவது வெங்கடப்பனின் வேலை. பன்னிரண்டு வருஷமாக அதே ஸ்டூல். பக்கத்து ஸ்டூல் ஆனந்தராஜுடையது. வேப்பனப்பள்ளியிலிருந்து பேரிகை வழியாக வருகிற கம்பெனி பஸ்ஸில் இவர் வருவார், தொரப்பள்ளியிலிருந்து பைக்கில் அவன் வருவான். இரண்டு பேரும் எட்டு மணி நேரம் தகடு தடவியபடியே ஊர் உலகத்து வம்பெல்லாம் பேசித் தீர்ப்பார்கள். பேசுகிற வாய்க்கும் தடவுகிற விரலுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, கெட்ட தகடு ஒன்றுகூட தப்பிப் போனதில்லை.

அவர்கள் தலைக்கு மேலே ஒரு இரும்பு உத்திரம் ஓடுகிறது. அதில் ஹாய்ஸ்ட் என்கிற பளுதூக்கி, அதிலிருந்து சங்கிலி. பிரஸ் மிஷினில் மாட்டுகிற இரும்பு அச்சு ஒவ்வொன்றும் அறுநூறு கிலோ இருக்கும். அதற்கு டை என்று பேர். அந்த டைகளை இங்கேயிருந்து அங்கே தூக்கிப் போவது அந்தச் சங்கிலிதான். மாசி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்கு அது கிறீச்சென்று ஒரு சத்தம் போட்டது. ஆனந்தராஜ் அண்ணாந்து பார்த்தான். பார்த்தவன் வாயைத் திறக்கவில்லை. வெங்கடப்பனின் நெஞ்சில் கையை வைத்து ஒரே தள்ளு. இவர் போய் ஸ்கிராப் தொட்டியில் விழுந்தார், பின்மண்டையில் நாலு தையல். எழுந்து திரும்பிப் பார்த்தபோது இரண்டு ஸ்டூலும் இருந்த இடத்தில் டை இருந்தது, அடியில் ஆனந்தராஜ்.

விசாரணை மூன்றாம் நாளே நடந்தது. அப்போது எச்.ஆரில் இருந்தவர் விமல்ராஜ். நல்ல மனுஷர், யாரையும் 'நீ' என்று கூப்பிட மாட்டார். தலையில் கட்டோடு வந்த வெங்கடப்பனுக்குக் காபி வரவழைத்துக் கொடுத்துவிட்டுத்தான் கேட்டார்.

"ஆனந்தராஜ் அப்போ எங்க பாத்துட்டு இருந்தாரு?"

"மேல பாத்தான் சார். அவன் மேல பாத்ததாலதான்..."

"ஒரு நிமிஷம். வேலை எங்க இருக்கு? மேலயா, கீழயா?"

"கீழதான் சார்."

"ரொம்ப நன்றி. உங்க உதவி பெரிய உதவி."

இங்கிலீஷில் நாலு பக்கம் டைப் அடித்து வந்தது. படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள் என்றார்கள். வெங்கடப்பனுக்கு வீட்டில் தெலுங்கு, சந்தையில் கன்னடம், கம்பெனியில் தமிழ். இங்கிலீஷ் வேறு எதற்கு என்று இருந்துவிட்டவர் அவர். தன்னைக் காப்பாற்றியவனைப் பற்றி நல்லபடியாகத்தான் எழுதியிருப்பார்கள் என்று நினைத்து, பெயரை முழுசாக, ஒரு எழுத்துக்கூட விடாமல் நாலு பக்கத்திலும் எழுதிக் கொடுத்தார். எழுதும்போது அழுகை வேறு.

அடுத்த வாரம் எல்லாரையும் கூட்டி விமல்ராஜ் மைக்கில் அதைத் தமிழில் வாசித்தார். "விபத்துக்கான காரணம்: பணியாளர் வேலையை விட்டு மேலே பார்த்தது. சாட்சி: பக்கத்து இருக்கைப் பணியாளர் திரு. வெங்கடப்பன். துணைக் காரணம்: சம்பவத்துக்கு இருபது நிமிடம் முன்பு மனைவியிடமிருந்து வந்த தொலைபேசி அழைப்பு, நாற்பது விநாடி. இதனால் மனம் சிதறியிருக்கலாம்."

கூட்டம் முடிந்ததும் வெங்கடப்பன் அவரிடம் ஓடினார். "சார், நான் சொன்னது அப்படி இல்ல சார். அவன் பாத்ததாலதான் நான் பொழச்சேன்!"

"நீங்க பொழச்சது சந்தோஷம் வெங்கடப்பன். ஆனா அது விபத்து இல்லையே. இந்த ரிப்போர்ட் விபத்துக்கு மட்டும்தான்," என்றார் விமல்ராஜ், தோளைத் தட்டிக்கொடுத்து. "நீங்களே கையெழுத்துப் போட்டிருக்கீங்க. இப்ப மாத்துனா பொய்ச் சாட்சின்னு ஆயிடும். உங்க பொண்ணு காவியா டிப்ளமா கடைசி வருஷம், இல்ல?"

வெங்கடப்பன் வாயை மூடிக்கொண்டார். அப்புறம் திறக்கவே இல்லை. இந்தக் கதையில் நடந்த தப்பெல்லாம் அதற்குப் பிறகு நடந்ததுதான்.

காரணம் கிடைத்துவிட்டது, மருந்து வேண்டாமா? ஒரே மாதத்தில் கவனத் துறை என்று ஒன்றை ஆரம்பித்து விமல்ராஜை அதற்கு மேலாளர் ஆக்கினார்கள். கண்ணாடி அறை, ஏசி, சுவரெல்லாம் கண் படம். ஒவ்வொரு ஸ்டூலுக்கும் முன்னால் ஒரு கேமரா வைத்தார்கள், கண் எங்கே போகிறது என்று பார்த்து மார்க் போடும். பக்கவாட்டில் பார்த்தால் இரண்டு மார்க் போச்சு. கொட்டாவிக்கு ஒன்று. அண்ணாந்து பார்த்தால் ஒரே அடியாகப் பத்து. கவனமாக இருக்கிறீர்களா என்று கேட்கக் கால் மணிக்கு ஒருதரம் மணி அடிக்கும், ஆமாம் என்று பொத்தானை அழுத்த வேண்டும். மணி அடித்ததும் திடுக்கிட்டுப் போகிறவர்களுக்கு அதற்கும் ஒரு மார்க் குறைந்தது. காலையில் வேலை தொடங்கும் முன் நெஞ்சில் கைவைத்து, "என் கண் என் கையில், என் கை என் வேலையில்" என்று தமிழிலும் கன்னடத்திலும் இந்தியிலும் மூன்றுமுறை சொல்ல வேண்டும். வெங்கடப்பன் நெஞ்சில் கை வைக்கிற ஒவ்வொரு நாளும், ஆனந்தராஜ் கை வைத்துத் தள்ளிய அதே இடத்தில் சுரீர் என்று வலிக்கும். மார்பு டாக்டரிடம் காட்டினார், ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டார்.

ஆனந்தராஜின் ஸ்டூல் இருந்த இடத்தில் அவனுடைய போட்டோவை மாலை போட்டு நிறுத்தினார்கள். கீழே 'கவனம் சிதறினால்' என்று எழுதி மூன்று புள்ளி. எதிரே கேமரா, பழைய ஸ்டூல் பட்டியலைப் பார்த்து அவன் பேரிலும் ஒன்று வைத்திருந்தார்கள். அந்தக் கேமராவை யாரும் நிறுத்தவில்லை, நிறுத்தச் சொல்லி யாரும் எழுதிக் கொடுக்காததால். போட்டோவில் அவன் நேராகப் பார்க்கிறான். கொட்டாவி விடுவதில்லை. மணி அடித்தால் திடுக்கிடுவதில்லை. பொத்தானை அழுத்தாததற்கு மார்க் குறைக்க யாரும் விதி எழுதவில்லை. கேமராவுக்கு வேறு என்ன தெரியும்? முழு மார்க் போட்டுவிட்டது.

சரி, தப்பைத் திருத்துவார்கள் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். விமல்ராஜ் இரண்டு நாள் யோசித்துவிட்டு மைக்கைப் பிடித்தார்.

"மார்க்கை மாத்தணும்னா சம்பந்தப்பட்ட பணியாளரே விண்ணப்பிக்கணும். அதுதான் விதி. இன்னொண்ணு யோசிச்சுப் பாருங்க. உயிரோட இருந்தப்ப ஆனந்தராஜ் எப்படி இருந்தாரு? பேசுவாரு, சிரிப்பாரு, திரும்பித் திரும்பிப் பாப்பாரு. இன்னைக்கு எப்படி இருக்காரு? ஒரு மனுஷனால இவ்வளவு முன்னேற முடியும்னா, உங்களால ஏன் முடியாது?"

இருநூறு பேரும் நேராகப் பார்த்துக்கொண்டு நின்றார்கள், கூட்டத்துக்கும் கேமரா உண்டு.

அன்றிலிருந்து அந்தப் போட்டோவுக்குப் பக்கத்தில் உட்காரவே வெங்கடப்பனுக்குப் பயமாகிவிட்டது. பகல் பன்னிரண்டு மணி வெளிச்சத்தில், இருநூறு பேர் நடுவில், ஒரு போட்டோ தன்னையே பார்க்கிறது என்று பயந்தால் யாரிடம் சொல்வது? அதன் கண் கேமராவைத்தான் பார்க்கிறது, அது அவருக்கும் தெரியும். தெரிந்தும் வலது கன்னம் மட்டும் சூடாக இருக்கும். வாய் தவறி இரண்டுமுறை, "டேய் ஆனந்து, இந்தப் பிசிறைப் பாரேன்," என்று தகட்டை அந்தப் பக்கம் நீட்டிவிட்டார். நாலு மார்க் போச்சு.

அதைவிடப் பெரிய கொடுமை சங்கிலி. புதுச் சங்கிலி போடவில்லை. அறுந்த இடத்தில் கட்டுக்கம்பி போட்டு முறுக்கி, மேலே கிரீஸ் தடவி அதையே மாட்டிவிட்டார்கள். தினம் பத்துதரம் பன்னிரண்டுதரம் டையைத் தொங்கவிட்டுக்கொண்டு கிறீச் கிறீச்சென்று தலைக்கு மேலே போகும். ஹாய்ஸ்ட் ஓட்டுகிற தமிழரசனும் மேலே பார்க்கக் கூடாது என்பதால் அது நினைத்த இடத்தில் நிற்கும். சத்தம் கேட்டதும் லைனில் எல்லாருடைய கழுத்தும் விறைக்கும், பல்லைக் கடித்துக்கொண்டு தகட்டைப் பார்ப்பார்கள். வெங்கடப்பனால் மட்டும் முடியவில்லை. ஒவ்வொரு தடவையும் அண்ணாந்து பார்த்தார். சாயந்திரம் பார்த்தால் அவர் மார்க் பூஜ்யத்துக்கும் கீழே போயிருக்கும்.

கவனச் சிகிச்சைக்கு அனுப்பினார்கள். அங்கே சுசித்ரா என்ற பெண், பெங்களூரிலிருந்து வாரம் இரண்டு நாள் வருபவள். சுவரில் ஒரு கறுப்புப் புள்ளி வைத்து நாற்பது நிமிடம் பார்க்கச் சொன்னாள். பிறகு பரிவாகக் கேட்டாள்.

"உங்களை எது தொந்தரவு பண்ணுது சார்?"

"சங்கிலிம்மா."

"ஓ. அந்தச் சங்கிலியை மனசிலிருந்து மெதுவா அவுத்து விடுங்க."

"மனசுல இல்லம்மா, உத்திரத்துல இருக்குது. கம்பி போட்டுக் கட்டி வெச்சிருக்கறாங்க."

அவள் பேப்பரில் எதையோ எழுதிக்கொண்டாள். "பிரச்சனையை வெளியே தேடறீங்க. எல்லாரும் ஆரம்பத்துல அப்படித்தான் பண்ணுவாங்க," என்றாள். காதில் அடைக்க இரண்டு பஞ்சும் கொடுத்தாள்.

புகார் எழுதிப் போட்டுப் பார்த்தார். பராமரிப்புப் பிரிவிலிருந்து கௌதம் என்ற இன்ஜினியர் டார்ச் லைட்டோடு வந்தான். வந்தவன் தரையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான்.

"என்னா சார், கீழ பாக்கறீங்க? சங்கிலி மேல கீது."

"மேல பாத்தா எனக்கும் பத்து மார்க் போயிடும்ணா. இன்க்ரிமென்ட் டைம்," என்றான் அவன் ரகசியமாக. "நிழலைப் பாத்துத்தான் செக் பண்றேன். நிழல் நல்லாத்தான் இருக்கு."

ரிஜிஸ்டரில் 'நன்று' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனான். வெங்கடப்பன் அந்தக் கையெழுத்தைப் பார்க்காமல் ரிஜிஸ்டரை மூடி வைத்தார்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது சத்யப்ரியாவின் முகம்.

ஆனந்தராஜின் மனைவிக்குக் கருணை அடிப்படையில் பேக்கிங்கில் வேலை கொடுத்திருந்தார்கள். அதோடு மாதம் ஒரு சனிக்கிழமை குடும்பக் கூட்டம். எல்லாத் தொழிலாளிகளுடைய பெண்டாட்டிகளையும் வரவழைத்து பஜ்ஜி, டீ கொடுத்து உட்கார வைப்பார்கள். சத்யப்ரியா முன்னால் நின்று விமல்ராஜ் எழுதிக் கொடுத்த தாளை வாசிக்க வேண்டும். "நான் அன்று போன் செய்யாமல் இருந்திருந்தால் என் கணவர் இன்று உயிரோடு இருப்பார். சகோதரிகளே, வேலை நேரத்தில் போன் செய்யாதீர்கள்." முதல் மாதம் வாசிக்க முடியாமல் பாதியில் உட்கார்ந்துவிட்டாள். மூன்றாம் மாதம் தாளைப் பார்க்காமலே சொன்னாள். ஆறாம் மாதம் அவள் சொல்லும்போது கண்கூட சிமிட்டவில்லை. விமல்ராஜ் அவளைப் பாராட்டினார். வெங்கடப்பனின் மனைவி சாந்தம்மா கூட்டம் முடிந்து பஸ்ஸில் வரும்போது, "அந்தப் பொண்ணு தூங்கறதே இல்லையாம். போன் அடிச்சாலே எடுக்காம கவுத்து வெச்சிடுதாம். பாவி, ஒரு போனுக்கா இவ்ளோ தண்டனை?" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வெங்கடப்பன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அந்த போன் டீ நேரத்தில் வந்தது. சிலிண்டர் வந்துவிட்டது என்று சொல்லத்தான் கூப்பிட்டாள். பேசிவிட்டு ஆனந்தராஜ் விசில் அடித்தபடி வந்து உட்கார்ந்தான். அதற்குப் பிறகு இருபது நிமிடம் ஒழுங்காகத் தகடு தடவினான். இது தெரிந்த ஒரே ஆள் வெங்கடப்பன்தான். பேக்கிங் பக்கம் அவளைப் பார்க்கும்போதெல்லாம் சொல்லிவிடலாம் என்று நாக்கு நுனி வரை வரும். நாலு பக்கத்துக் கையெழுத்து நினைவுக்கு வரும், காவியா நினைவுக்கு வருவாள். "சாப்டியாம்மா?" என்று கேட்டுவிட்டு வந்துவிடுவார். ஏழு மாதம் இப்படியே போனது, த்தூ.

ஏழாவது மாதம் 'ஆண்டின் கவனச் சுடர்' விருதை ஆனந்தராஜுக்கு அறிவித்தார்கள்.

விழா நாலாவது லைனிலேயே. பெங்களூரிலிருந்து கம்பெனியின் பெரிய இயக்குநர் வந்திருந்தார். மிஷின்களை நிறுத்தி நடுவில் மேடை போட்டு, சிவப்பு கம்பளம் விரித்திருந்தார்கள். தொழிலாளிகள் அவரவர் ஸ்டூல் பக்கத்திலேயே நிற்க வேண்டும், விழா நேரத்துக்கும் மார்க் உண்டு. மேடையில் இருப்பவர்களுக்குக் கேமரா கிடையாது. அதிகாரிகள் இயல்பாகவே கவனமானவர்கள் என்று முதல் கூட்டத்திலேயே முடிவாகிவிட்டது. மேடைக்கு நேர் மேலே, முந்தின ஷிப்டில் தமிழரசன் நிறுத்திய இடத்தில், ஹாய்ஸ்ட் டையோடு தொங்கியது. வெங்கடப்பன் வந்ததுமே அதைப் பார்த்துவிட்டார். பத்து மார்க் போச்சு. போகட்டும்.

"சார், மேடையைக் கொஞ்சம் தள்ளிப் போடச் சொல்லுங்க சார்," என்று விமல்ராஜிடம் போய்க் கெஞ்சினார்.

"வெங்கடப்பன், இன்னைக்குமா?" என்றார் அவர் வருத்தத்தோடு.

பெரியவர் பேசினார். "உலகத்திலேயே விலை உயர்ந்த பொருள் எது? தொழிலாளியின் கவனம். அதை நாம் அவர்களிடமிருந்து முழுதாக எடுத்துக்கொண்டுவிட்டோம் என்பதில் பெருமைப்படுகிறேன். ஆனந்தராஜ் நமக்கு வழி காட்டுகிறார். எல்லாரும் அவரைப் போல ஆக வேண்டும்." கைதட்டச் சொன்னார்கள், நேராகப் பார்த்தபடி தட்டினார்கள்.

பிறகு சத்யப்ரியாவைக் கூப்பிட்டார்கள். சால்வை, கேடயம், மைக். அவள் தொடங்கினாள். "நான் அன்று போன் செய்யாமல் இருந்திருந்தால்..."

கிறீச்.

லைன் முழுக்கக் கேட்டது. இருநூறு கழுத்தும் விறைத்தன. இருநூறு பேரும் நேர் எதிரே பார்த்துக்கொண்டு அசையாமல் நின்றார்கள். மேலே பார்த்தது மேடையில் இருந்த அதிகாரிகளும் வெங்கடப்பனும் மட்டும்தான். பெரியவர் மாலையோடு குதித்தார். கம்பளத்தில் கால் தடுக்கி, எழுந்து, கேட்டுப் பக்கம் ஓடினார். விமல்ராஜ் மேஜைக்கு அடியில் போய்விட்டார். மேடையில் மிச்சம் நின்றது சத்யப்ரியா ஒருத்திதான். அவள் அண்ணாந்து பார்க்கவில்லை. "...என் கணவர் இன்று உயிரோடு இருப்பார்," என்று வாசகத்தை முடித்தாள்.

"அடிப்பாவி, ஓடுடி!" என்று கத்திக்கொண்டு வெங்கடப்பன் பாய்ந்து அவள் கையைப் பிடித்துத் தரதரவென்று இழுத்து வந்து தன் ஸ்டூலில் தள்ளினார். டை விழவில்லை. ஒரு சாண் இறங்கி, ஆடி, நின்றது.

அவருக்கு மூச்சு வாங்கியது. ஏழு மாதமாக அடைத்து வைத்திருந்தது அப்போதுதான் உடைந்தது.

"உன் போன்னால இல்லம்மா. டீ டைம்ல பேசினான், சிலிண்டர் வந்துச்சுன்னு எங்கிட்ட சொல்லிச் சிரிச்சான். அதுக்கப்புறம் ஒழுங்காத்தான் வேலை பாத்துகினு இருந்தான். இந்தச் சங்கிலிதாம்மா. இது சத்தம் போட்டுச்சு, அவன் மேல பாத்தான், என்னைப் புடிச்சுத் தள்ளினான். அவன் பாக்கலைன்னா செத்திருக்கறது நானு."

சத்யப்ரியா அவரையே பார்த்தாள்.

"நான் போன் பண்ணதால இல்லையா?"

"இல்லம்மா. சத்தியமா இல்ல."

"அண்ணா, ஏழு மாசம் நீங்க பக்கத்துலயேதான இருந்தீங்க. தினம் சாப்டியான்னு கேட்டீங்களே. இதை ஏன் சொல்லல?"

"கையெழுத்துப் போட்டுட்டேன்மா."

"அதுக்கு?" என்றாள்.

மேஜைக்கு அடியிலிருந்து வெளியே வந்த விமல்ராஜ் சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டு, "ஒண்ணும் இல்ல, ஒண்ணும் இல்ல. நிகழ்ச்சி தொடரும். எல்லாரும் நேரா பாருங்க," என்றார். சத்யப்ரியா எழுந்தாள். மேடைக்குப் போகவில்லை. கீழே உருண்டு கிடந்த மைக்கை எடுத்தாள்.

"மேல பாருங்க," என்றாள். "கம்பி போட்டுக் கட்டி வெச்சிருக்கறதை எல்லாரும் கண்ணால பாருங்க. அதை இறக்கற வரைக்கும் யாரும் கீழ பாக்க வேணாம்."

முதலில் நல்லுசாமி பார்த்தான். பிறகு தமிழரசன். கழுத்து வலிக்கிறவர்கள் போல ஒவ்வொருவராக, பிறகு லைன் முழுக்க. கௌதமும் பார்த்தான், "ஐயோ" என்றான். விமல்ராஜ் கையை ஆட்டி ஆட்டிக் கத்திக்கொண்டிருந்தார், அவர் பக்கம் ஒரு கண்ணும் திரும்பவில்லை. இருநூறு முகங்கள் அந்தச் சங்கிலியைப் பார்த்து நிமிர்ந்திருந்தன.

தன் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு நின்ற வெங்கடப்பனுக்கு மட்டும் தலையைத் தூக்க முடியவில்லை.